பெரிய கடையில் துப்பாக்கி வாங்குவதற்குள் பொழுதே போய்விடுகிறதே, எல்லாருக்கும் இப்படித்தானா?

ஃபிரிஸ்கோக்காரன் (டெக்சஸ்)

செப்டம்பர் 1ஆம் தேதி புறா வேட்டை சீசன் தொடங்குகிறது. ஆபீஸ் நண்பர்கள் இந்த வருடம் என்னையும் அழைத்திருக்கிறார்கள். இரவல் துப்பாக்கியோடு போக மனசில்லாமல், சொந்தமாக ஒரு 20 கேஜ் ஷாட்கன் வாங்கிவிடலாம் என்று சனிக்கிழமை காலை இங்குள்ள ஒரு பெரிய செயின் ஸ்டோருக்குப் போனேன்.

கடை திறந்த கொஞ்ச நேரத்திலேயே டோக்கன் எடுத்தாயிற்று. கவுன்ட்டருக்குள் மூன்று பேர். ஒருவர் போனில். இன்னொருவர் ஒரு பெரியவரிடம் ஸ்கோப் விஷயமாக நின்று நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் துப்பாக்கி விற்கும் ஆளே இல்லையாம், தோட்டா அலமாரியை அடுக்க வந்தவராம். என் எண்ணைக் கூப்பிட்டபோது மதியம் ஆகிவிட்டது. கையில் வாங்கி, தோளில் வைத்துப் பார்த்து, இதுதான் என்று முடிவு செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் டேப்லெட்டில் ஃபார்ம் 4473, துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசுப் படிவம். நிரப்பிக் கொடுத்தால், "மேனேஜர் ஒருமுறை படிக்க வேண்டும்" என்றார்கள். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து படித்து, பின்னணிச் சோதனைக்காக எஃப்பிஐக்கு அனுப்பி, கடைசியில் வந்த பதில் 'டிலே', அதாவது இப்போதைக்கு முடிவு இல்லை. "நாங்களே போன் செய்வோம், போய் வாருங்கள்."

நான் கிரீன் கார்டு. ஒரு ஸ்பீடிங் டிக்கெட்கூட வாங்கியதில்லை. மூன்று வேலை நாளுக்குள் எஃப்பிஐ பதில் சொல்லாவிட்டால் கடை கொடுத்துவிடலாம் என்று சட்டம் இருப்பதாகப் படித்தேன். கேட்டால், "எங்கள் கடையில் அது கிடையாது, எஃப்பிஐயிடமிருந்து 'ப்ரொசீட்' என்று சம்மதம் வந்தால்தான்" என்கிறார் மேனேஜர். இது சரியா? எல்லாப் பெரிய கடையிலும் இப்படியா, இல்லை எனக்கு வாய்த்தது மட்டும் இப்படியா?

மில்பிடாஸ் மாறன் (கலிஃபோர்னியா)

அரை நாளுக்கே இந்தப் புலம்பலா! இங்கே வந்து பாருங்கள்.

முதலில் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வு. 30 கேள்வி, 23 சரியாக இருக்க வேண்டும், 25 டாலர். அது கையில் இருந்தால்தான் கடைக்காரர் பேசவே ஆரம்பிப்பார். மாநில அரசுக்கு விவரம் அனுப்பிய நிமிடத்திலிருந்து 10 நாள், அதாவது முழுசாக 240 மணி நேரம். மாலை 4 மணிக்கு அனுப்பியிருந்தால் பத்தாம் நாள் காலையில் போய் நின்றாலும் கிடைக்காது. பத்து நாள் முடிந்ததும் போக மறந்தாலும் தொல்லை, 30 நாளைத் தாண்டிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதற்கு மேல் 2024 ஜூலையிலிருந்து 11 சதவீதத் தனி வரி. தோட்டா வாங்கவும் 2019 ஜூலையிலிருந்து ஒவ்வொரு முறையும் சோதனை.

ஆக ஒரே துப்பாக்கிக்கு அந்த கவுன்ட்டரில் இரண்டு முறை நிற்க வேண்டும். வாங்க ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை. எடுக்க வந்தவர்களுக்கென்று தனி வரிசை வைக்கலாமே என்று எந்தப் பெரிய கடைக்கும் தோன்றுவதில்லை. எப்படியும் பத்து நாள் காத்திருக்கப் போகிறவன்தானே, இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் என்ன என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பழைய கவுன்ட்டர் (மிசோரி)

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கல்லூரிக் காலத்தில் ஒரு பெரிய ஸ்போர்ட்டிங் கூட்ஸ் கடையில் இதே கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். ஃபிரிஸ்கோக்காரர் பட்டது ஒரே காத்திருப்பு இல்லை. கடை செய்தது பாதி, எஃப்பிஐ செய்தது பாதி. எதற்கு யாரைத் திட்டுவது என்று பிரித்துக்கொண்டால் நல்லது.

டோக்கன் வரிசை முழுக்க முழுக்கக் கடையின் குற்றம். அதில் சட்டத்துக்குச் சம்பந்தமே இல்லை. துப்பாக்கி விற்கப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும்தான் ஃபார்மைத் தொடலாம் என்பது கடைகளின் விதி. நான் இருந்த கடையில் ஒரு விற்பனையாளர் ஒரு நேரத்தில் ஒரு துப்பாக்கியைத்தான் வெளியே எடுக்கலாம். அதைத் திரும்ப வைத்துப் பூட்டாமல் அடுத்தவரிடம் போக முடியாது. ஒருவர் வாங்குகிற எண்ணமே இல்லாமல் ஐந்து துப்பாக்கியை எடுத்துக் காட்டச் சொன்னால், பின்னால் இருக்கிற அத்தனை டோக்கனும் நின்றுவிடும். சம்பளம் என்னவோ தூண்டில் பிரிவில் நிற்கிறவருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். ஃபார்மில் தப்பு நடந்தால் வேலை போவது மட்டும் எங்களுக்கு. அதனால் பயிற்சிக்குப் போகவே பலர் தயங்குவார்கள். சனிக்கிழமை கூட்டத்துக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். செப்டம்பருக்கு முந்தைய வாரமும், மான் சீசனுக்கு முந்தைய வாரமும், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாளும் கூட்டம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆள் கூட்ட மாட்டார்கள்.

மேனேஜர் படித்ததை மட்டும் குறை சொல்லாதீர்கள். 4473 பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மக்கள் விடுகிற கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. கவுன்ட்டி என்று கேட்டிருக்கும் இடத்தில் நாட்டின் பெயரை எழுதுவார்கள். நகர எல்லைக்குள் வசிக்கிறீர்களா என்ற கேள்வியை விட்டுவிடுவார்கள். இனம் பற்றி இரண்டு கேள்வி இருக்கும், ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்வார்கள். காகித ஃபார்ம் என்றால் இதில் எதையும் கடை ஊழியர் திருத்தக் கூடாது. வாங்குகிறவரே அடித்து எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். டேப்லெட் வந்த பிறகு காலிக் கட்டங்கள் குறைந்தன. ஆனால் அடையாள அட்டையில் ஒன்றும் ஃபார்மில் வேறொன்றும் இருப்பதை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. செயின் ஸ்டோர் என்றாலும் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி உரிமம். துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் மத்தியத் துறையான ஏடிஎஃபின் ஆய்வாளர் வந்து உட்கார்ந்தால் பழைய ஃபார்ம்களை எடுத்துப் பார்ப்பார். 2021 ஜூனில் பைடன் அரசு, வேண்டுமென்றே செய்த சில வகை மீறல்களுக்கு உரிமத்தையே ரத்து செய்யும் கொள்கையை அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் இரண்டு பேர் படிக்க வேண்டும், மூன்று பேர் படிக்க வேண்டும் என்று கடைகள் போட்டுக்கொண்ட விதிகள் அப்படியே இருக்கின்றன.

கடைசியாக எஃப்பிஐ. நிக்ஸ் என்கிற அந்தச் சோதனை முறை 1998 நவம்பர் 30இல் தொடங்கியது. கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும், கிழக்கு நேரப்படி காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி 1 மணி வரை நடக்கிறது. சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு அப்போதே பதில் வந்துவிடும். டிலே வந்தால் ஏன் என்று கடைக்குச் சொல்ல மாட்டார்கள். திரையில் ஒரு பரிவர்த்தனை எண்ணும் அந்த ஒரு சொல்லும்தான் தெரியும். ஊழியரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை, அவருக்கும் தெரியாது.

மூன்று நாள் விஷயம்: கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் அரசு அலுவலகங்கள் திறந்திருக்கும் நாள் கணக்கு. சோதனைக்கு அனுப்பிய நாளும் அதில் சேராது. சனிக்கிழமை அனுப்பினால் திங்கள்தான் முதல் நாள்.

ஃபிரிஸ்கோக்காரன்

விளக்கத்துக்கு நன்றி. சரி, கொடுக்கலாம் என்று சட்டமே சொல்லும்போது கடை மறுப்பதற்கு என்ன காரணம்? வியாபாரம்தானே செய்கிறார்கள்?

பென்டன்வில் பாண்டி (அர்கன்சாஸ்)

காரணத்தைத் தெரிந்துகொள்ள 2015க்குப் போக வேண்டும். தென் கரோலினாவில் ஓர் இளைஞன் ஏப்ரலில் கைத்துப்பாக்கி வாங்கப் போனான். நிக்ஸில் டிலே வந்தது. போதைப்பொருள் வழக்கு ஒன்றின் விவரத்தைத் தேடிய எஃப்பிஐ ஊழியருக்கு எந்தக் காவல் துறையிடம் கேட்பது என்பதில் குழப்பம். மூன்று வேலை நாள் முடிந்தது, கடை கொடுத்துவிட்டது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் இமானுவேல் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றான். அவன் கைக்குத் துப்பாக்கி போயிருக்கவே கூடாது என்று அன்றைய எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி ஜூலையில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கடை சட்டத்தை மீறவில்லை. ஆனால் எந்தப் பெரிய நிறுவனமும் அந்தக் கடையின் இடத்தில் இருக்க விரும்பாது.

வால்மார்ட் அதற்கு வெகு முன்பே, 2002 முதல், ப்ரொசீட் வராமல் விற்பதில்லை. அவர்கள் கதையே படிப்படியாகப் பின்வாங்கிய கதை. 1993இல் அலாஸ்கா தவிர எல்லா இடத்திலும் கைத்துப்பாக்கியை நிறுத்தினார்கள். 2015இல் ஏஆர்-15 வகை ரைஃபிள்களை நிறுத்தினார்கள். 2018 பிப்ரவரியில் வாங்கும் வயதை 21 ஆக்கினார்கள். 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோவில் அவர்கள் கடையிலேயே படுகொலை நடந்தது. அடுத்த மாதமே கைத்துப்பாக்கித் தோட்டாவும் போயிற்று, அலாஸ்காவும் போயிற்று. விளையாட்டுப் பொருள் கடைகள் நடத்தும் டிக்ஸ் நிறுவனம், ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 2018இல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அசால்ட் ரைஃபிள் வகையை மொத்தமாக நிறுத்தியது மட்டுமில்லை, கையிருப்பில் இருந்த சுமார் 50 லட்சம் டாலர் சரக்கை விற்காமல் அழித்தது. அந்தக் கொலையாளி தங்கள் கடை ஒன்றில் முன்பு ஒரு ஷாட்கன் வாங்கியிருந்தான் என்று தெரிந்ததும் எடுத்த முடிவு. அந்தச் சம்பவத்தில் பயன்பட்டது அந்தத் துப்பாக்கி இல்லை, இருந்தும்.

மேனேஜருக்கு உங்கள் ஒரு ஷாட்கன்னில் வரும் லாபம் பெரிதில்லை. நாளைக்கு ஏதாவது நடந்து கடைப் பெயர் டிவியில் வருவதுதான் பெரிது. எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது. புரியாதது, இவ்வளவு ஜாக்கிரதையானவர்கள் கவுன்ட்டரில் கூட இரண்டு ஆள் போட ஏன் மறுக்கிறார்கள் என்பதுதான்.

வானதி (வர்ஜீனியா)

நேரம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆளைப் பார்த்துப் பேசுகிற விதம்தான் எனக்கு ஆகாது.

பிஸ்டல் எனக்கு. ரேஞ்சில் பயிற்சி எடுத்து, எந்த மாடல் என் கைக்குப் பொருந்துகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போனேன். கூட வந்தது என் கணவர், அவருக்குத் துப்பாக்கி என்றாலே பிடிக்காது. ஆனால் விற்பனையாளர் முழு நேரமும் அவரைப் பார்த்தே பேசுகிறார். "உங்கள் மனைவிக்கு இந்தச் சின்னது சரியாக இருக்கும்" என்று அவரிடம் சொல்கிறார். அளவில் சின்ன பிஸ்டல் கையை அதிகம் உதைக்கும் என்பது அந்த விற்பனையாளருக்குத் தெரியாதா, இல்லை எனக்குத் தெரியாது என்று நினைத்தாரா?

இதில் வேடிக்கை, பணம் கட்டும்போது கணவர் பழக்கத்தில் தன் கார்டை நீட்டினார். உடனே எல்லாம் நின்றுவிட்டது. "உண்மையில் யாருக்கு வாங்குகிறீர்கள்?" என்று விசாரணை. மேனேஜர் வந்தார், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அதுவரை வாங்குகிறவள் நான் என்று யாருக்கும் தோன்றவில்லை, அந்த நிமிடத்திலிருந்து நான்தானா என்று சந்தேகம்.

பழைய கவுன்ட்டர்

முதல் பாதிக்கு அந்த ஆளை மன்னிக்கவே வேண்டாம். எங்கள் கடையிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பெண்கள் தனியாக வந்தால் நேராக இளஞ்சிவப்புக் கைப்பிடி உள்ளதை எடுத்து நீட்டுவார்கள்.

இரண்டாம் பாதியில் அவர்கள் செய்தது சரி. ஃபார்மில் உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி சும்மா கேட்டதில்லை. வேறொருவருக்காக, அவர் பணத்தில் வாங்கிக்கொடுத்தால் குற்றம். 2022இல் வந்த சட்டத்துக்குப் பிறகு 15 வருடம் வரை சிறை. உங்கள் காசில் வாங்கி மனைவிக்கோ மகனுக்கோ பரிசாகக் கொடுப்பது வேறு, அது செல்லும். 2014இல் உச்ச நீதிமன்றம் வரை போன அப்ராம்ஸ்கி வழக்கைப் பாருங்கள். முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் போலீஸ் தள்ளுபடி கிடைக்கும் என்று தன் மாமாவுக்காக ஒரு க்ளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியானவர்தான், ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனாலும் மாமா பணம் கொடுத்திருந்ததால் தண்டனை உறுதியாயிற்று, 5க்கு 4 என்ற தீர்ப்பு. நம் குடும்பங்களில் "நீ போற வழியில எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்துடு, பணம் தந்துடறேன்" என்பது சர்வ சாதாரணம். இந்தக் கடையில் மட்டும் அது வேண்டாம்.

கணவர் மனைவி கார்டு என்பதால் மட்டும் விற்பனை ரத்தாக வேண்டியதில்லை. கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டால் போதும், அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

நெறியாளர்

இதுவரை நல்ல பேச்சு. சொந்த அனுபவம் எழுதும்போது கடைப் பெயர், கிளை, ஊழியர் பெயர் வேண்டாம். ஒரு பதிவை அதற்காகவே நீக்கியிருக்கிறேன்.

புதுசா வந்தவன் (வட கரோலினா)

வணக்கம். நான் எச்1பி விசா. ஆபீஸில் ஒருவர், வேட்டை லைசன்ஸ் இருந்தால் எச்1பி ஆட்களும் வாங்கலாம் என்கிறார். நிஜமா? பெரிய கடையில் கேட்டபோது உடனே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரேஞ்சில் சுடத்தான் எனக்கு ஆசை.

இன்னொரு சந்தேகம், என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று போட்டிருக்கிறார்கள். அதனால் டிலே வருமா?

பழைய கவுன்ட்டர்

தம்பி, இதை நிதானமாகப் படியுங்கள்.

குடியேறாதோர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அதற்குச் சில விதிவிலக்குகள், அவற்றில் ஒன்று ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ். ஆக, ஆபீஸ் நண்பர் சொன்னது சரி. ஆனால் விதிவிலக்கு அந்த லைசன்ஸ் உயிரோடு இருக்கும் வரைதான். டெக்சஸில் பெரும்பாலான வேட்டை லைசன்ஸ்கள் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும், எந்த மாதம் வாங்கியிருந்தாலும். புதுப்பிக்க மறந்தால் மறுநாள் காலையில் வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். விசா, கிரீன் கார்டு எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். வாங்கும் முன் குடிவரவு வக்கீல் ஒருவரைக் கேளுங்கள், இழையில் எழுதுகிற என்னை நம்ப வேண்டாம்.

கடை உடனே மறுத்தது சோம்பேறித்தனம் பாதி, பயம் பாதி. விதிவிலக்குக்கான ஆவணத்தைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும், அது தெரிந்த ஊழியர் அந்த நேரம் இருக்க மாட்டார். தப்பாக விற்பதைவிட விற்காமல் இருப்பது அவர்களுக்கு லேசு. விற்க மறுக்கக் கடைக்கு உரிமை உண்டு.

பெயர்: அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். நடுப்பெயர் இல்லை என்றால் என்எம்என் என்று போட வேண்டும், வெறும் இனிஷியல்தான் சட்டப்படி உள்ள பெயர் என்றால் அதன் பக்கத்தில் ஐஓ என்று போட வேண்டும். இது 4473 குறிப்பிலேயே இருக்கிறது. நம் ஆட்கள் ஒரு ஆவணத்தில் இனிஷியலும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகவும் வைத்திருப்போம், அங்கேதான் மேனேஜர் நிறுத்துவார்.

மில்பிடாஸ் மாறன்

நீளமான தமிழ்ப் பெயர் என்றாலே டிலேதான் என்று எங்கள் ரேஞ்சில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

பென்டன்வில் பாண்டி

நீளத்துக்கும் டிலேவுக்கும் சம்பந்தம் இல்லை மாறன். பெயரும் பிறந்த தேதியும் வேறு யாருடைய பதிவோடாவது ஒத்துப்போவதுதான் வழக்கமான காரணம். அமெரிக்கக் குடியுரிமை இல்லை என்று எழுதியிருந்தால் குடிவரவுத் துறையின் தரவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஃபிரிஸ்கோக்காரருக்கு அதுவாகவே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் டிலே வருகிறதென்றால் எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து யூபின் என்ற எண்ணை வாங்கி, 4473இல் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் எழுதலாம். அடுத்த முறை நீங்கள் வேறு, அந்த ஆள் வேறு என்று அவர்களுக்கு உடனே தெரியும்.

வீடு மாறியவர்களுக்கு ஒன்று. உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் தற்போதைய முகவரிக்கு வேறு அரசு ஆவணம் வேண்டும். வாகனப் பதிவுச் சீட்டு போதும். வங்கிக் கடிதம், போன் பில் செல்லாது. மின்சார பில் தனியார் கம்பெனியுடையது என்றால் செல்லாது, நகராட்சியே மின்சாரம் தருகிற ஊர் என்றால் செல்லும்! இதைத் தெரிந்துகொள்ளாமல் டோக்கன் வாங்கி நின்றால் நாள் வீண்.

எடிசன் எழிலன் (நியூ ஜெர்சி)

எல்லாரும் கடை வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே வருவதுதான் வரிசை. ரைஃபிள், ஷாட்கன் வாங்கவே ஓர் அடையாள அட்டை, கைத்துப்பாக்கிக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. இரண்டு பேர் உங்களுக்காகச் சான்று சொல்ல வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பது அந்தந்த ஊர் போலீஸ் நிலையத்தைப் பொறுத்தது. பக்கத்து ஊரில் நண்பருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது, எனக்கு வருகிற வழியாக இல்லை. அனுமதி வந்ததும் 90 நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். ஒரு நல்ல விஷயம், அனுமதியோடு வருகிறவனைக் கடைக்காரர் மரியாதையாக நடத்துகிறார். சும்மா பார்க்க வந்தவன் இல்லை என்று தெரியுமே.

டென்வர் நர்ஸ் (கொலராடோ)

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

டோக்கன் வரிசை வீண் என்பது சரி. ஆனால் மாநிலம் போடுகிற காத்திருப்பையும் அதே கணக்கில் சேர்த்துத் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எமர்ஜென்சி பிரிவில் வேலை செய்கிறேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்த எண்ணம் வந்து போகிற நேரம் பலருக்கு மிகக் குறைவு. மாத்திரை விழுங்கி வருகிறவர்களை நாங்கள் காப்பாற்றி அனுப்புகிறோம், பிறகு அவர்கள் குடும்பத்தோடு வந்து நன்றி சொல்கிறார்கள். துப்பாக்கி என்றால் பெரும்பாலும் எங்களிடம் வருவதே இல்லை. 2017இல் ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று பேர் வெளியிட்ட ஆய்வில், காத்திருப்புச் சட்டம் உள்ள இடங்களில் துப்பாக்கிக் கொலை சுமார் 17 சதவீதம் குறைந்தது, தற்கொலையும் குறைந்தது என்று வந்தது. கொலராடோவில் 2023 அக்டோபர் 1 முதல் மூன்று நாள். யாருக்கு என்ன நஷ்டம்?

மில்பிடாஸ் மாறன்

உங்கள் வேலையை மதிக்கிறேன். ஆனால் ஏற்கெனவே வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறவன் இன்னொன்று வாங்கினாலும் இங்கே அதே பத்து நாள். அவன் ஏதாவது செய்ய நினைத்தால் வீட்டில் இருப்பது போதாதா? முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு மட்டும் என்று வையுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

அப்புறம், முன்னாள் கணவனுக்குப் பயந்து வாங்க வருகிற பெண்ணுக்கும் அதே நாள்கள்தான்.

டென்வர் நர்ஸ்

முதல் துப்பாக்கிக்கு மட்டும் என்றால் நானும் பேசத் தயார். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கடைக்கு எப்படித் தெரியும்? பதிவேடு வேண்டும். பதிவேடு என்றதும் நீங்கள்தான் முதலில் எதிர்ப்பீர்கள்.

பயந்து வருகிற பெண் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதே வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது யார் கைக்குப் போகிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மில்பிடாஸ் மாறன்

மாநிலத்துக்கு ஏற்கெனவே என் துப்பாக்கிக் கணக்கு தெரியும், கலிஃபோர்னியாவில் எல்லா விற்பனையும் அவர்களிடம் பதிவாகிறது. தெரிந்தும் காக்க வைக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

வானதி

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவர் டெக்சஸ், அங்கே மாநிலக் காத்திருப்பே கிடையாது. சின்னக் கடைக்குப் போகலாமா என்பதைப் பேசுவோமா? இங்கே என் அடுத்த பிஸ்டலை ஊரில் உள்ள சின்னக் கடை ஒன்றில் வாங்கினேன். முதலாளியே எடுத்துக் காட்டினார், அவரே ஃபார்மைப் படித்தார், சோதனைக்கும் அவரே அனுப்பினார். விலை கொஞ்சம் கூடுதல். என்னைப் பார்த்துப் பேசினார், அதற்குக் கொடுக்கலாம்.

பழைய கவுன்ட்டர்

சின்னக் கடைகளிலும் ரகம் ரகமாக உண்டு. புதிதாக வருகிறவரை எடைபோட்டு முகத்தைத் திருப்புகிற முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். பெரிய கடையில் அந்த ஊழியருக்கு மேல் புகார் சொல்ல ஒருவராவது இருப்பார், இங்கே முதலாளிக்கு மேல் யார்?

பெரிய கடையிலேயே வாங்க வேண்டும் என்றால் சனி, ஞாயிறு போகாதீர்கள். செவ்வாய், புதன் காலையில் கவுன்ட்டரில் ஈ ஆடும். ஆன்லைனில் பணம் கட்டிக் கிளைக்கு வரவழைத்தால் தேர்வு செய்கிற வரிசை மிச்சம், ஃபார்ம் வரிசை மிச்சமில்லை. ஏதாவது செய்தி வந்து எல்லாரும் ஓடுகிற வாரத்தில் மட்டும் எங்கேயும் போகாதீர்கள். 2020 மார்ச்சில் நாடு முழுக்க நிக்ஸுக்கு வந்த கோரிக்கை 37 லட்சத்துக்கு மேல், அந்த வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட 4 கோடி. அப்போது என் பழைய கடையில் கட்டிட வாசல் வரை வரிசை என்று நண்பன் படம் அனுப்பினான்.

டெக்சஸ்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அங்கே 2021 செப்டம்பர் முதல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லவே அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று ஆகிவிட்டதால் பலர் எல்டிசி என்கிற அந்தச் சீட்டை வாங்குவதை விட்டுவிட்டார்கள். ஆனால் அது கையில் இருந்தால் வாங்கும்போது நிக்ஸ் சோதனை தேவையில்லை, மாநிலம் ஏற்கெனவே சோதித்துவிட்டது என்று ஏடிஎஃப் ஒப்புக்கொள்கிறது. ஃபார்ம் நிரப்பத்தான் வேண்டும், ஆனால் இந்த டிலே தொல்லை இல்லை. 40 டாலர் கட்டணம், ஒரு நாள் வகுப்பு. சில கடைகள் தங்கள் விதி என்று சொல்லி அப்போதும் சோதனை போடுவார்கள், முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள்.

ஃபிரிஸ்கோக்காரன்

செவ்வாய் மாலை கடையிலிருந்து போன் வந்தது, ப்ரொசீட். புதன் காலை போனேன். நீங்கள் சொன்னபடியே கவுன்ட்டரில் ஆளே இல்லை. ஃபார்மில் மறுபடி கையெழுத்து கேட்டார்கள். ஏற்கெனவே போட்டேனே என்றதற்கு, ஃபார்ம் நிரப்பிய நாளில் எடுக்காமல் வேறொரு நாளில் எடுத்தால் பதில்கள் இன்னும் உண்மைதான் என்று திரும்பக் கையெழுத்திட வேண்டுமாம். ஊழியர் ஒருவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்து கொடுத்தார். சனிக்கிழமை போனிலேயே இருந்தாரே, அவரேதான். கேட்டேன்: அன்றைக்கு முழுக்க டிலே ஆன வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "என் துப்பாக்கி என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

பழைய கவுன்ட்டர்

அதற்கென்று தனி ஆள் போட மாட்டார்கள் என்று சொன்னேனே.

சரி, புறாவுக்குப் போகிறீர்கள். துப்பாக்கிக்குள் ப்ளக், அதாவது அதிகத் தோட்டா போடாமல் தடுக்கும் அடைப்பு, இருக்கிறதா பாருங்கள். இடம்பெயரும் பறவைகளுக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளும் ஷாட்கன் மத்திய விதிப்படி கூடாது. பெட்டியில் ஒரு சின்னக் குச்சி மாதிரி வந்திருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹன்ட்டர் எஜுகேஷன் முடித்தாயிற்றா? 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயம். லைசன்ஸ்? இடம்பெயரும் பறவைக்கான கூடுதல் அனுமதியும் வேண்டும்.

ஃபிரிஸ்கோக்காரன்

ப்ளக் பெட்டியில் இருக்கிறது. எஜுகேஷன் போன மாதமே ஆன்லைனில் முடித்துவிட்டேன். லைசன்ஸ் இன்னும் இல்லை. அதே கடையில் கஸ்டமர் சர்வீஸ் மேஜையில் தருகிறார்களாம், வெள்ளிக்கிழமை மாலை போகலாம் என்று இருக்கிறேன்.

பழைய கவுன்ட்டர்

சீசனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையா! வேண்டாம். மாநில வனவிலங்குத் துறை தளத்திலேயே இப்போதே எடுத்துவிடுங்கள்.